எல்லோரும் ஒன்றாக வளர்க்க ஒரு சின்ன ஓர்க்கிட்: திருகோணமலைக்கு எது பொருந்தும்?

உவர்மலை விறாந்தை:
திருகோணமலையில் ஓர்க்கிட் வளர்க்கும் நாம் எல்லோரும் இந்த முறை ஒரே வகையை வாங்கி, ஒரே காலத்தில் தொடங்கி, வேரும் இலையும் பூவும் எப்படி வருகின்றன என்று எழுதுவோம் எனப் பேசியிருந்தோம். எந்தச் செடி என்பதுதான் மிச்சம். என் தெரிவு வண்டா ஃபல்காட்டா. பழைய பெயர் நியோஃபினெஷியா. உள்ளங்கையில் அடங்கும் செடி, வெள்ளைப் பூ, நீண்டு வளைந்த தேன்குழல். இருட்டிய பிறகே நன்றாக மணக்கும். அதைத் தேடி வருவது இரவில் பறக்கும் அந்துப்பூச்சி. ஜப்பானில் எடோ காலத்துப் (17–19ஆம் நூற்றாண்டு) பிரபுக்கள் இதைப் பெருஞ்செல்வமாகப் போற்றினார்கள். பூவுக்காக மட்டுமல்லாமல், இலையில் ஓடும் வரிக்காகவும் வேர்நுனியின் நிறத்துக்காகவும் இதை வளர்ப்பவர்கள் அங்கே இன்றும் இருக்கிறார்கள். பூக்காத மாதங்களிலும் பேசுவதற்கு இவ்வளவு தரும் செடி வேறு எது?

நிலாவெளி மணல்:
அக்கா, அழகில் நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது ஜப்பானிலும் கொரியாவிலும் சீனாவிலும் குளிர்காலம் கண்டு வளர்ந்த செடி. அந்தக் குளிர்காலத்தில் தண்ணீரைக் குறைத்து ஓய்வு கொடுத்தால்தான் அது ஒழுங்காகப் பூக்கும். நமக்குத் தை மாதத்து இரவே 24 பாகை செல்சியஸ் அளவில் நிற்கிறது. ஆனி ஆடியில் கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கும்போது பகலில் 35 பாகையைத் தொடுகிறது. ஓரிருவர் குளிரூட்டிய அறையில் வைத்துக் காப்பாற்றலாம். மற்றவர்கள் என்ன செய்வது? எல்லோரும் வளர்க்கும் செடி, மிகக் குறைந்த வசதியுள்ளவரின் முற்றத்திலும் நிற்க வேண்டும்.

கிண்ணியாத் தும்பு:
தம்பி சொல்வது சரி. அப்படியானால் தொலும்னியாவைப் பாருங்கள். கரீபியன் தீவுகளின் செடி. மெல்லிய சுள்ளிகளில் ஒட்டி, கடற்காற்றிலும் வெயிலிலும் வளர்வது. விசிறிபோல் அடுக்கிய தடித்த இலைகள் சில அங்குலமே இருக்கும். பூவோ மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று புள்ளியும் கோடுமாக வரும். காலையில் நனைத்தால் மாலைக்குள் வேர் காய்ந்துவிட வேண்டும் என்பதே அதன் முதல் தேவை. நமது காற்று அந்த வேலையைக் காசில்லாமல் செய்கிறது! பூச்சாடியே வேண்டாம். தச்சுப் பட்டறையில் கழித்துப் போடும் முதிரைத் துண்டு ஒன்று போதும், வார்னிஷ் பூசாததாக இருந்தால். பூத்து முடிந்த தண்டையும் வெட்டாதீர்கள், கீழ்க்கணுவிலிருந்து மறுபடி கிளைக்கும்.

நிலாவெளி மணல்:
நானா, காற்று பொருந்தும். தண்ணீர்? கரையோரக் கிணறுகள் பலவற்றின் நீர் எவ்வளவு உவர் என்று உங்களுக்குத் தெரியும். இலையில் பட்டுக் காய்ந்தால் வெள்ளையாகப் படிகிறது. தொலும்னியாவின் வேர் நூல்போல மெல்லியது. மரத்துண்டில் கட்டிய செடிக்குக் கச்சான் காலத்தில் தினமும் தண்ணீர் வேண்டும், அந்த மாதங்களில்தான் பிடித்து வைத்த மழைநீரும் தீர்ந்துபோகும். உப்பு வேரில் ஏறினால் நுனி கருகும்.

இனி என் தெரிவையும் அதற்கான காரணத்தையும் சொல்கிறேன். ஃபலனொப்சிஸ் ஈக்வெஸ்ட்ரிஸ். பிலிப்பைன்ஸின் தாழ்நிலக் காடுகளிலும் தாய்வானை அடுத்த சிறு தீவிலும் இருப்பது. வெப்பம் அதற்குப் புதிதல்ல. விரலகலப் பூ, இளஞ்சிவப்பு, நடுவில் கடும் நிற உதடு. கடைகளில் விற்கும் பெரிய ஃபலனொப்சிஸ் கலப்பினங்கள் பலவற்றின் மூதாதை இது. ஓர்க்கிட் குடும்பத்தில் முழு மரபணுத்தொகுதி முதன்முதலில் வாசிக்கப்பட்டதும் இதற்குத்தான், 2015இல்.

அதையெல்லாம்விட எனக்குப் பெரிது ஒன்று: இது பூந்தண்டின் கணுவிலேயே கன்று போடும். வேர் இரண்டு அங்குலம் நீண்டதும் எடுத்துக் கொடுத்துவிடலாம். ஒன்றாக வளர்ப்பது என்றால் ஆளுக்கொன்று வாங்குவது மட்டும்தானா? வாங்க முடியாத பிள்ளைக்கும் ஒரு செடி போய்ச் சேர வேண்டாமா? வாழைக்குட்டியை வேலிக்கு மேலால் நீட்டிக் கொடுத்த ஊரில் இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. இன்னொன்று, ஒரே தாயின் கன்றுகள் எல்லாம் மரபில் ஒன்றே. உவர்மலையில் பூத்து நிலாவெளியில் பூக்காவிட்டால், செடி வேறு என்று யாரும் சொல்ல முடியாது. நிழல், நீர், காற்று ஆகிய மூன்றுக்குள் காரணத்தைத் தேடலாம். விதையில் வந்த செடிகளை ஒப்பிட்டு அந்தத் தெளிவைப் பெறவே முடியாது.

பாலையூற்று:
அங்கேதான் எனக்குப் பயம். ஒரே தாயின் கன்றுகள் என்றால் தாய்க்குள்ள நோயும் எல்லோர் வீட்டுக்கும் போகும். சிம்பிடியம் மொசைக் வைரசு வந்த செடி மாதக்கணக்கில் எந்த அடையாளமும் காட்டாமல் நிற்கும். அதற்கு மருந்து கிடையாது. வெட்டும் கத்தியில் ஒட்டிய சாறே அடுத்த செடிக்கு அதைக் கொண்டுபோகப் போதும். பகிர்வது நல்ல நோக்கம்தான், நல்ல நோக்கத்தோடு நோயையும் பகிரலாம். ஒவ்வொருவரும் ஆய்வுகூடக் குடுவையில் முளைத்த நாற்றை வாங்குவதே பாதுகாப்பு.

நிலாவெளி மணல்:
ஐயா, அந்தப் பயம் நியாயமானது. வழியும் இருக்கிறது. ஒவ்வொரு செடிக்கும் புதிய சவர அலகு, அல்லது அலகு சிவக்கும்வரை தீயில் காட்டுதல். ஒரு சாடியில் வடிந்த நீரை இன்னொன்றில் ஊற்றாதிருத்தல். தாய்ச்செடியைத் தனியே ஒரு பருவம் வைத்துப் பார்த்துவிட்டே கன்று எடுத்தல். கத்தியைச் சுத்தம் செய்யும் பழக்கம் பெரிய வண்டா வைத்திருப்பவருக்கும் வேண்டியதே.

தம்பலகாமம்:
எல்லோரும் கடல்கடந்து தேடுகிறீர்கள். ஃபலனொப்சிஸ் டெலிசியோசா இலங்கையிலேயே இயற்கையாக வளர்கிறதே! அதுவும் சின்னதுதான்.

உவர்மலை விறாந்தை:
தம்பி, எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் அதைத் தேர்ந்தெடுத்தோம் என்று அறிந்ததும் யாராவது ஒருவர் காட்டுக்குள் போய்ப் பிடுங்கி வருவார். காட்டிலிருந்து எடுத்த செடி ஒன்றுகூட நமக்குள் நுழையக் கூடாது, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஓர்க்கிட் விதை தூசி போன்றது, காட்டில் அது முளைக்க உரிய பூஞ்சை கிடைக்க வேண்டும். ஒரு செடியைப் பிடுங்கினால் அந்த இடத்தில் மறுசெடி வருவது எவ்வளவு அரிது என்று எண்ணிப் பாருங்கள். பூஞ்சை இல்லாமல், சர்க்கரை கலந்த ஊடகத்தில் விதையை முளைக்கவைக்க அமெரிக்கத் தாவரவியலாளர் லூயிஸ் நட்சன் 1922இலேயே வழி காட்டிவிட்டார். அப்படி முளைத்த டெலிசியோசா நாற்று கிடைக்கும் நாளில் முதல் ஆளாக வாங்குவேன். வெளிநாட்டிலிருந்து பயணப்பெட்டியில் ஒளித்துக் கொண்டுவருவதும் வேண்டாம். ஓர்க்கிட் குடும்பம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கைக்குள் வருகிறது, தாவரத் தனிமைப்படுத்தல் சான்றிதழும் தேவை.

ஈக்வெஸ்ட்ரிஸ் பற்றி என் கேள்வி இதுதான்: ஃபலனொப்சிஸ் பூந்தண்டு விடவும் வெப்பம் சற்று இறங்க வேண்டுமல்லவா?

நிலாவெளி மணல்:
இறங்க வேண்டும் அக்கா, ஆனால் ஃபல்காட்டா கேட்கும் குளிர் வேண்டாம். வாடைக் காலத்தில் முகில் மூடி மழை பெய்யும் வாரங்கள் அதற்குப் போதும் என்பது என் கணிப்பு. அதனால்தான் ஐப்பசியில் தொடங்குவோம் என்கிறேன். முதல் மழையில் நட்டால் கச்சானுக்கு முன் வேர் பிடித்துவிடும். சாடியில் நிரப்பும் ஊடகம் கரியும் ஓட்டுத் துண்டும். தென்னந்தும்பு சேர்ப்பவர்கள் உப்புப் போகும்வரை பல தடவை ஊறவைத்துக் கழுவுங்கள். குருத்தில் நீர் தேங்கி இரவு தங்கினால் அழுகும், ஆகவே சாடியைச் சற்றுச் சரித்துக் கட்டுங்கள், தண்ணீர் காலையில் மட்டும். இந்தச் செடி இலைத்துளைகளைத் திறப்பது இரவில். கச்சான் இரவுகளில் தரையை நனைத்துக் காற்றை ஈரமாக்கிவிட்டுப் படுத்தால் அதற்குப் பெரிய உதவி.

கிண்ணியாத் தும்பு:
தொலும்னியாதான் இந்த மண்ணுக்குரியது என்ற எண்ணம் எனக்கு மாறவில்லை. கன்று போடும் என்ற ஒரு காரணத்துக்காக ஈக்வெஸ்ட்ரிஸுக்கு என் வாக்கைத் தருகிறேன். கிடுகுப் பந்தல் நிழலிலும் நிழல்வலையிலும் ஒவ்வொன்று வைத்துப் பார்ப்பேன்.

உவர்மலை விறாந்தை:
ஃபல்காட்டாவை நான் தனியாக வளர்ப்பேன். பொதுவாக வளர்ப்பதற்கு ஈக்வெஸ்ட்ரிஸ் என்றே எழுதிவைக்கிறேன். பாலையூற்று ஐயா, தாய்ச்செடியை உங்கள் வீட்டில் வைத்துப் பார்க்க முடியுமா? உங்கள் கண்ணுக்குத் தப்பியது எங்கள் கண்ணுக்குப் படாது.

பாலையூற்று:
வைத்துப் பார்க்கிறேன். ஆவணிக்கு முன் கொண்டு வாருங்கள். இலையில் ஒரு கோடு சந்தேகமாகத் தெரிந்தாலும் கன்று எடுக்க விடமாட்டேன், அதை இப்போதே ஒப்புக்கொள்ளுங்கள்.