'பெரும்பகு எண்'ணா, 'விஞ்சுபகு எண்'ணா?

மதிப்பிற்குரிய கணிதக் கலைச்சொல் குழு அன்பர்களுக்கு வணக்கம்.

இராமானுஜன் 1915இல் இலண்டன் கணிதக் கழகத்தின் இதழில் விரிவாக ஆராய்ந்த 'highly composite number' என்னும் எண் வகைக்கு நம் குழுவின் கோத்தகிரி நண்பர் 'பெரும்பகு எண்' என்னும் சொல்லை முன்மொழிந்திருக்கிறார். அதை ஏற்க எனக்குத் தயக்கம் உள்ளது. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவுக்குக் காரணிகளைக் கொண்டிருப்பதே அவ்வகை எண்ணின் இலக்கணம். 'பெரும்' என்னும் அடையோ எண்ணின் பருமனைச் சுட்டுமே தவிர, அது பகுபடும் திறத்தைச் சுட்டாது. 1732இல் கணித அறிஞர் ஆய்லர் பகுத்துக் காட்டிய 4294967297 பத்து இலக்கப் பகு எண்தான். ஆயினும் அது 641, 6700417 என்னும் இரு பகா எண்களின் பெருக்கற்பலன் என்பதால், 1ஐயும் தன்னையும் சேர்த்து அதற்கு 4 காரணிகளே உண்டு. 60க்கு 12 உண்டு. இவ்விரண்டில் எதைப் 'பெரும்பகு' என்போம்?

'மிகுபகு எண்' என்ற மாற்றும் பொருந்தாது. தன்னை நீக்கிய காரணிகளின் கூட்டுத்தொகை தன்னைவிட மிகும் 12 போன்றவற்றை 'மிகை எண்' என்று வழங்குகிறோம், இரண்டும் குழம்பும்.

கொடைக்கானல் மேல்மலையில் பாடம் நடத்துபவன் நான். பாத்தியில் பூண்டுப் பற்களைச் சம வரிசைகளாக ஊன்றுவதைக் கொண்டே காரணிகளை விளக்குவேன். 47 பற்கள் என்றால் ஒற்றை வரிசைதான்; 49 என்றால் அதனோடு ஏழேழாகவும் ஊன்றலாம்; 48 என்றால் ஒற்றை வரிசை, 2×24, 3×16, 4×12, 6×8 என ஐந்து வகை. இதைக் கணக்கிட்ட மாணவி ஒருத்தி, "48 எல்லாத்தையும் மிஞ்சிருச்சு சார்" என்றாள். நான் தேடிய சொல் ஏறத்தாழ அதுதான். ஆனால் வகுத்தலில் 'மிஞ்சுவது' மீதியையும் குறிக்கும்; மீதியின்றி வகுபடுவதையே பேசும் இடத்தில் அது இடறும். எனவே 'விஞ்சுபகு எண்' என்பதை முன்மொழிகிறேன். 'பகு எண்' போலவே இதுவும் வினைத்தொகை என்பதால் ஒற்று மிகுமா என்ற நம் குழுவின் நீங்காத வழக்குக்கும் இடமில்லை.

இச்சொல் இவ்வெண்களின் இயல்பையும் விளக்க உதவுகிறது. இவ்வெண்களை வரிசைப்படுத்திய இராமானுஜனின் அட்டவணை 6746328388800இல் முடிகிறது. அதற்கு 10080 காரணிகள். அதன் பகாக் காரணிகளில் 2இன் அடுக்கு 6, 3இன் அடுக்கு 4, 5க்கும் 7க்கும் 2, பின்னர் 11 முதல் 23 வரையுள்ள பகா எண்கள் ஒவ்வொன்றுக்கும் 1. எங்கள் படிவயல்களைப் போல அடுக்குகள் இறங்குமே தவிர ஏறுவதில்லை. பெரிய பகா எண்ணுக்குக் கூடுதல் அடுக்கு இருந்தால், சிறியதன் அடுக்கோடு அதை இடம் மாற்றி, அதே எண்ணிக்கையில் காரணிகளுள்ள சிறிய எண் ஒன்றைப் பெற்றுவிடலாம். அப்போது அது முந்தைய எண்கள் எல்லாவற்றையும் விஞ்சியதாகாது. இறுதிப் பகா எண்ணின் அடுக்கு, 4, 36 நீங்கலாக, எப்போதும் 1 என்பதையும் அவர் நிறுவினார். (அதே அட்டவணையில் 293318625600 விடுபட்டுவிட்டது. அதை 23ஆல் பெருக்கினால் அட்டவணையின் கடைசி எண் வரும் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பூட்டுகிறது.)

விஞ்சாவிட்டாலும் முந்தைய உச்சத்துக்கு ஈடாக நிற்கும் எண்களும் உண்டு. 6ஐப் போலவே 8க்கும் 10க்கும் 4 காரணிகள். அச்சாகாமல் நின்று 1997இல் வெளிவந்த ஆய்வுப் பகுதியில் இராமானுஜன் இவற்றையும் சேர்த்தே ஒரு வகை வகுத்திருந்தார். 'ஈடுபகு' என்றால் 'ஈடுபடு' என்று தட்டச்சாகும் அபாயம் இருப்பதால், அவ்வகைக்கு 'நிகர்பகு எண்' எனலாமா? விஞ்சுபகு எண்கள் அனைத்தும் அந்த வகைக்குள் அடங்கும் என்பதால், 'நிகர்' என்பது 'குறையாத' என்னும் பொருளையும் தாங்குமா என்பதில் மட்டும் எனக்கு ஐயம் உள்ளது. கோத்தகிரி நண்பரின் கருத்தை எதிர்பார்க்கிறேன்.