பச்சைக் கிண்ணம் சிவப்பானது எப்படி?

தாத்தா_லண்டனில்:
மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். போன வாரம் பிரிட்டிஷ் மியூசியத்தில் லைகர்கஸ் கிண்ணம் பார்த்தோம். ரோமானியர் 4ஆம் நூற்றாண்டில் செய்தது. முன்பக்கம் வெளிச்சம் பட்டால் பாசிப் பச்சை, பின்னாலிருந்து வந்தால் மாதுளை முத்துச் சிவப்பு. "உள்ளே பல்பு கலர் மாறுதா தாத்தா?" என்கிறான் பேரன். பூச்சா, இரண்டு அடுக்குக் கண்ணாடியா?

கெமிஸ்ட்ரி_வாத்தியார்:
பல்பும் இல்லை, பூச்சும் இல்லை ஐயா. கண்ணாடிக்குள்ளேயே தங்கமும் வெள்ளியும் கலந்த துகள்கள், கண்ணுக்கே தெரியாத சுமார் 70 நானோமீட்டர் அளவில். அவை பச்சை ஒளியைச் சிதறடித்துத் திருப்பிவிடும். ஊடுருவி வருவதில் சிவப்பு மிஞ்சும். தங்கம் எவ்வளவு தெரியுமா? பத்து லட்சத்தில் சுமார் 40 பங்கு.

சாணைக்காரன்:
எல்லாரும் நிறத்தையே பேசுகிறீர்களே. இருபது வருடமாகக் கண்ணாடி வெட்டிச் சாணை பிடிக்கிறவன் நான். எனக்குக் கிண்ணத்தின் வெளியே செதுக்கிய திராட்சைக் கொடியும் உருவங்களும்தான் தூக்கத்தைக் கெடுக்கின்றன. அண்ணே, அது ஒட்டவைத்த சிற்பமில்லை. தடித்த சுவருள்ள ஒரே கிண்ணத்தை ஊதி எடுத்து, ஆறவைத்து, வேண்டாததை எல்லாம் தேய்த்தே கழித்திருக்கிறார்கள். உருவங்களின் சில பகுதிகள் கிட்டத்தட்ட சுவரைத் தொடாமல் நிற்கும். பின்னால் அங்கங்கே சின்னச் சின்னப் பாலம் மட்டும். ஒரு தடவை பூச்சாடியில் பூவேலை வெட்டினேன். கடைசி இதழில் 'டிக்' என்றது. நாலு நாள் கூலி போச்சு. இங்கே ஒரு பாலம் உடைந்தால் மொத்த உழைப்பும் போகும்.

இன்னொன்று. உருவங்களின் உடம்பு தடித்திருக்கும் இடங்களில் கிண்ணத்தின் உட்புறத்தையும் குடைந்திருக்கிறார்கள், வெளிச்சம் ஒரே சீராக வரட்டும் என்று. அடுத்த தடவை பக்கவாட்டில் குனிந்து பாருங்கள்.

தாத்தா_லண்டனில்:
இன்று குனிந்து பார்த்தேன் தம்பி. காவலாளி என்னையே பார்த்தார், பரவாயில்லை. மதுக் கடவுள் டயோனிசஸின் கூட்டத்தோடு மோதிய மன்னன் லைகர்கஸ். அந்தக் கூட்டத்துப் பெண் ஆம்ப்ரோசியா திராட்சைக் கொடியாகி அவனைச் சுற்றிக்கொண்டாளாம். கொடிக்கும் சுவருக்கும் நடுவே இருட்டு தெரிகிறது! அப்புறம், விளிம்பில் இருக்கும் உலோகப் பட்டையும் ரோமானியர் வேலையா?

சாணைக்காரன்:
இல்லை அண்ணே, தங்கமுலாம் பூசிய வெள்ளி அது. பல நூற்றாண்டு கழித்து யாரோ மாட்டியது. அடிப்பாதமும் அப்படித்தான்.