ஃபால்ட் இண்டிகேட்டர்: பழுதுகாட்டி வேண்டாம், கோளாறுகாட்டி

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆலை இயந்திரங்களை நிரல்படி இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சியின் முகப்பில், ஏதோ சரியில்லை என்று காட்ட எரியும் ஃபால்ட் விளக்குகளுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் விவாதத்தில் பிழைசுட்டி, பழுதுகாட்டி என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. இரண்டிலும் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த விளக்கைப் பார்த்து வேலை செய்கிறவரை இரண்டுமே தப்பான இடத்துக்கு அனுப்பிவிடும் என்பதுதான் என் கவலை.

முதலில் சுட்டி. கணினித் தமிழில் அது மவுஸுக்கும் சி மொழியின் பாயிண்டருக்கும் ஏற்கெனவே போய்விட்டது. மூன்றாவது வேலையையும் அதன் தலையில் ஏற்ற வேண்டாம். காட்டி இருக்கிறது: வழிகாட்டி, திசைகாட்டி, ரயில்வே கைகாட்டி. யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. தகராறு முன்பாதியில்தான்.

பழுது என்றதும் நம் மனதில் என்ன வருகிறது? ஒரு பொருள் கெட்டுவிட்டது, அதைப் பழுது பார்க்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். ஆனால் சீமென்ஸ் எஸ்7-300 பிஎல்சியில் எஸ்எஃப் என்ற பொது ஃபால்ட் விளக்கு சிவப்பாக எரிந்தால், அதன் மூளையான சிபியு கெட்டுவிட்டது என்று பொருள் இல்லை. டயக்னாஸ்டிக்ஸ் (தானே சோதித்துச் சொல்லும் வசதி) இயக்கப்பட்ட அனலாக் கார்டில், சென்சாரின் 4-20 மில்லியாம்பியர் சிக்னல் வயர் அறுந்தாலும் எரியும். நிரல், இல்லாத டேட்டா பிளாக் (தரவு வைக்கும் பகுதி) ஒன்றைத் தேடிப் போனாலும் எரியும். முன்னது வயரிங் சங்கதி, பின்னது நிரல் எழுதியவரின் பிழை. இரண்டுக்கும் ஒரே விளக்கு.

ஒரு நூற்பாலையில் பார்த்ததைச் சொல்கிறேன். எஸ்எஃப் எரிகிறது, பஸ் எனும் தகவல் இணைப்பில் சிக்கல் என்று சொல்லும் பிஎஃப் சிமிட்டுகிறது, சிபியு நிரலை நிறுத்திவிட்டதைச் சொல்லும் ஸ்டாப் மஞ்சளாக எரிகிறது. ஷிப்ட் எலக்ட்ரீஷியன் "சிபியு போச்சு சார், ஸ்பேர் எடுக்கட்டுமா?" என்று கேட்டார். சிபியு தன் நிகழ்வுகளைக் குறித்து வைக்கும் டயக்னாஸ்டிக் பஃபரைத் திறந்தால், ஸ்டேஷன்கள் (பஸ்ஸில் இணைந்த தொலைக் கருவிகள்) தொடர்பில் இல்லை, ஓபி86 (ஸ்டேஷன் தொடர்பு போனால் ஓட வேண்டிய நிரல்பகுதி) ஏற்றப்படவில்லை, அதனால் ஸ்டாப் என்று வரிசையாகப் பதிந்திருந்தது. ஸ்டேஷன்களைச் சிபியுவோடு இணைக்கும் ப்ரொஃபிபஸ்ஸின் ஊதா கேபிளைப் பிடித்துக்கொண்டு பேனல் பேனலாகப் போனோம். நடு ஸ்டேஷனின் கனெக்டரில் டெர்மினேஷன் சுவிட்ச் ஆன் பக்கம் தள்ளியிருந்தது. வரிசையின் இரு முனைகளில் மட்டும் ஆனில் இருக்க வேண்டிய சுவிட்ச் அது. நடுவில் ஆன் செய்தால் அந்தக் கனெக்டரிலிருந்து வெளியே போகும் கேபிளின் தொடர்பு அற்றுப்போகும். அதற்கப்புறம் உள்ள ஸ்டேஷன் எதுவும் சிபியுவுக்குத் தெரியாது. சுவிட்சைச் சின்ன ஸ்க்ரூட்ரைவரால் ஆஃப் பக்கம் தள்ளி, சிபியுவைத் திரும்ப ரன்னுக்குக் கொண்டுவந்ததும் எல்லாம் ஓடியது. ஓபி86 இருந்திருந்தால் சிபியு ஸ்டாப்புக்கே போயிருக்காது, விளக்குகள் மட்டும் எரிந்திருக்கும். இதில் எந்தப் பொருளும் பழுதாகவில்லை. நிரலிலும் தர்க்கப் பிழை இல்லை. ஆனால் கோளாறு இருந்தது.

அதனால் என் முன்மொழிவு கோளாறுகாட்டி. எது கெட்டது, யார் தப்பு என்று தீர்ப்புச் சொல்லாமல், ஏதோ சரியில்லை என்பதை மட்டும் சொல்லும் சொல் கோளாறு. விளக்குக்குத் தெரிந்ததும் அவ்வளவுதானே. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐஇசி 60050 சொற்தொகுதியின் 192ஆம் பகுதியும் இப்படித்தான் பிரிக்கிறது: ஃபெய்லியர் ஒரு நிகழ்வு, ஃபால்ட் ஒரு நிலை, எரர் என்பது இருக்க வேண்டிய மதிப்புக்கும் இருக்கும் மதிப்புக்கும் உள்ள வேறுபாடு. செயலிழப்பு, கோளாறு, பிழை என்று முறையே வைத்துக்கொண்டால் மூன்றும் முட்டிக்கொள்ளாது. டயக்னாஸ்டிக்ஸுக்குக் கோளாறறிதல் என்று அதே வேரிலிருந்து எடுக்கலாம். நோயறிதலை மருத்துவர்களுக்கே விட்டுவிடலாம். கோளாறுக்காட்டி என்று ஒற்று மிகாதா என்று கேட்பவர்களுக்கு: வழிகாட்டி போல இதுவும் இரண்டாம் வேற்றுமைத் தொகை, மிகாது.

அப்புறம், இந்த விவாதத்தில் யாரும் தொடாத ஒன்று எனக்கு இதைவிட முக்கியம். விளக்கு எரிகிறது என்று ஃபோனில் சொன்னால் பாதித் தகவல்தான். விடாமல் எரிகிறதா, விட்டு விட்டு எரிகிறதா? மிட்சுபிஷி எஃப்எக்ஸ்3யு-வில் எரர் விளக்கு சிமிட்டினால் நிரலில் பிழை. விடாமல் எரிந்தால் சிபியு பிழை, வாட்ச்டாக் நேரம் கடந்ததும் (நிரலின் ஒரு சுற்று குறித்த நேரத்துக்குள் முடியாததும்) அதில் சேர்த்தி. ஓம்ரான் சிபி1-இல் எரர்/அலாரம் விளக்கு சிமிட்டும்போது இயக்கம் தொடரும்; விடாமல் எரிந்தால் இயக்கம் நின்றுவிட்டது. ஆலன் பிராட்லி கன்ட்ரோல்லாஜிக்ஸில் ஓகே விளக்கு சிவப்பாகச் சிமிட்டுவது பெரும்பாலும் மீளக்கூடிய கோளாறு. எஸ்7-300இல் பிஎஃப் சிமிட்டினால் ஏதோ ஒரு ஸ்டேஷன் பதில் தரவில்லை; விடாமல் எரிந்தால் பஸ்ஸையே சந்தேகிக்க வேண்டும். ஆனால் மஞ்சள் ஸ்டாப் விளக்கு மெதுவாகச் சிமிட்டினால் அது கோளாறே இல்லாமலும் இருக்கலாம், சிபியு மெமரி ரீசெட் (நினைவகத்தை அழித்துப் புதிதாகத் தொடங்குவது) கேட்கிறது. ஆகவே கையேட்டுத் தமிழில் இந்த இரண்டு நிலைக்கும் தனித்தனிச் சொல் கட்டாயம் வேண்டும். நின்றெரிதல், சிமிட்டல் என்று வைக்கிறேன். மினுக்கலும் வேண்டாம், மினுமினுப்பும் வேண்டாம். அவை நகைக்கடைச் சொற்கள் ஆகிவிட்டன.

எல்லா விளக்கையும் கோளாறுகாட்டி என்று அழைக்கவும் கூடாது. ரன், ஸ்டாப், ஃபோர்ஸ் எல்லாம் நிலைகாட்டிகள். நிலைகாட்டிகளுள் ஒரு வகைதான் கோளாறுகாட்டி.

இதில் ஃபோர்ஸுக்குத்தான் எனக்குச் சரியான சொல் அமையவில்லை. உள்ளீடு உண்மையில் எப்படி இருந்தாலும் நாம் கொடுத்த மதிப்பே நிற்கும்படி வைப்பது அது. வேலை முடிந்து எடுக்க மறந்தால் ஆளுக்கே ஆபத்து. கட்டாயப்படுத்தல் நீளம். திணிப்பு என்று தோன்றுகிறது. ஃபோர்ஸ் விளக்கு எரிந்தால் "எங்கேயோ திணிப்பு இருக்கிறது, எடுத்துவிட்டு மெஷினை ஓட்டு" என்று சொல்ல முடிகிறது. பேனல் முன்னால் நின்று வேலை செய்கிறவர்கள் இதைப் பற்றிச் சொல்லுங்கள்.