பம்ப் பவரை இறக்கினால் குவாண்டம் ஆகிவிடுமா? ஒரு ப்ராஜெக்ட் பஞ்சாயத்து

பாளை_இசக்கி:
எம்.எஸ்ஸி இயற்பியல் கடைசி வருஷம். சிலிக்கான் நைட்ரைடு ரிங் ரெசனேட்டருக்குள் (சிப்பில் ஒளி சுற்றிச் சுற்றி ஓடும் சின்ன வளையம்) பம்ப் லேசரை விட்டு ஃபோட்டான் ஜோடி உருவாவதை சிமுலேஷன் செய்யலாம் என்று இருக்கிறேன். ஹாஸ்டல் சீனியர் ஒருத்தர் "அதே ரிங்கில் ஃப்ரீக்வென்ஸி காம்ப் பண்ணுலே, குவாண்டம் எல்லாம் பேருக்குத்தான்" என்கிறார். காம்ப் என்றால் சீப்புப் பல் மாதிரி சம இடைவெளியில் நிற்கும் பல அதிர்வெண் ஒளி. எதைச் செய்ய?

பேட்டை_அண்ணாச்சி:
சீனியர் சொன்னதில் தப்பே இல்லை தம்பி. ரிங் ஒன்று, பொருள் ஒன்று, உள்ளே நடப்பதும் ஒன்றுதான்: பம்ப் ஃபோட்டான் ரெண்டு காணாமல் போய், கொஞ்சம் அதிக அதிர்வெண்ணில் ஒன்று, கொஞ்சம் குறைவில் ஒன்று பிறக்கிறது. பம்பை ஏற்றினால் காம்ப், இறக்கினால் ஜோடி. 1961-ல் மிச்சிகனில் ஃபிராங்கன் குழு ரூபி லேசரை குவார்ட்ஸுக்குள் விட்டு 694 நானோமீட்டர் சிவப்பிலிருந்து 347 நானோமீட்டர் ஒளி எடுத்தபோது (அந்தப் புள்ளியைத் தூசி என்று நினைத்து அச்சில் அழித்தே விட்டார்களாம்) யாரும் குவாண்டம் என்று கொடி பிடிக்கவில்லை. 2023 ஏப்ரலில் தேசிய குவாண்டம் மிஷனுக்கு 6003.65 கோடி ஒதுக்கிய பிறகு எல்லா லேசருக்கும் அந்தப் பெயர் வந்துவிட்டது.

மேலப்பாளையம்_ரஹீம்:
நம்ம நெல்லையப்பர் கோயில் இசைத்தூண் மாதிரி என்று எடுத்துக்கலாமா? ஒன்றைத் தட்டினால் பக்கத்துத் தூணும் அதிரும் என்கிறார்களே.

தென்காசிச்_சாரல்:
ரஹீம் அண்ணே, ரிங்குக்குள் ஒளி சுற்றிச் சுற்றி வலுப்பதற்கு வேண்டுமானால் அது சரி. ஆனால் பக்கத்துத் தூண் அதிர்வது ஒத்ததிர்வு, அங்கே புது அதிர்வெண் எதுவும் பிறக்கவில்லை. இங்கே பேச்சே, உள்ளே போகாத நிறம் வெளியே வருவதைப் பற்றித்தான்.

அண்ணாச்சி, ரிங் ஒன்று என்பதை ஒத்துக்கிறேன், மற்றதை இல்லை. பழைய மின்காந்தச் சமன்பாட்டில் பம்பை மட்டும் வைத்துவிட்டு, பக்கத்து ரெண்டு அதிர்வெண்ணிலும் பூஜ்யம் போட்டு ஓட்டிப் பாருங்கள், கடைசி வரைக்கும் பூஜ்யமாகவேதான் நிற்கும். காம்ப் தொடங்கும் வரம்புக்குக் கீழே எதுவுமே வரக்கூடாது. ஆனால் நிஜத்தில் வருகிறது! வெற்றிடத்தின் குவாண்டம் ஏற்ற இறக்கத்தைச் சேர்க்காமல் அதற்குக் கணக்கே இல்லை. அப்புறம், பணம் வந்ததால் வந்த பெயரும் இல்லை இது. 1970-லேயே பர்ன்ஹாமும் வெயின்பெர்க்கும் படிகத்திலிருந்து வந்த ரெண்டு ஃபோட்டானும் ஒரே நேரத்தில் டிடெக்டரில் விழுவதைக் காட்டிவிட்டார்கள்.

பேட்டை_அண்ணாச்சி:
தாயி, நீ சொல்கிற ஜோடியை அளக்கவே லேசர் போதும். ஜோடியில் ஒன்றின் அதிர்வெண்ணில் ஒரு விதை லேசரை விட்டு, மற்றதை சாதாரண ஸ்பெக்ட்ரம் கருவியில் பார்த்தால் ஜோடி எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும் என்று லிசிடினியும் சைப்பும் 2013-ல் எழுதியிருக்கிறார்கள். பிறகு எதற்கு ஃபோட்டானை ஒவ்வொன்றாக எண்ணுகிற அந்த மீக்கடத்தி டிடெக்டர்? மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் திரவ ஹைட்ரஜனைக் கையாள்வதே மைனஸ் 253 டிகிரியில், அதுகூட இந்த டிடெக்டருக்குச் சூடாம், இன்னும் கீழே ரெண்டு மூன்று கெல்வினுக்குப் போகணுமாம். காம்ப் அப்படியா? 2007-ல் சின்ன ரிங்கில் வந்தது, 2014-ல் சாலிட்டான் (வடிவம் மாறாமல் சுற்றும் ஒளித் துடிப்பு) ஆனது, ஒரு லேசரை வைத்து ஃபைபரில் பத்துப் பதினைந்து சேனலுக்கு மேல் ஓட்டலாம். வேலைக்கு ஆகிறது எது என்று பார்க்கணும்வே.

தென்காசிச்_சாரல்:
அந்த 2013 வழி நல்ல வழிதான், நானே பயன்படுத்துவேன். ஆனால் அதில் தெரிவது ஜோடியின் நிற உறவு. பம்ப் ஒளி பொருளின் அதிர்வில் பட்டுச் சிதறி வருகிற ராமன் இரைச்சல் ஃபோட்டான் எத்தனை, ஒரே துடிப்பில் ரெண்டு ஜோடி எத்தனை தடவை வந்தது, இதெல்லாம் அதில் வராது. நிஜச் சண்டையே அங்கேதானே இருக்கிறது. துடிப்புக்கு ஒரு ஜோடி வரும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்று வைத்தால் ரெண்டு ஜோடி வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட நூறில் ஒன்று. அதனால் வேண்டுமென்றே பம்பை அடக்கி வைக்கிறோம், அப்புறம் பெரும்பாலான துடிப்புகள் வெறுங்கையோடு போகின்றன.

வேலைக்கு ஆகுமா என்றால், ஈர்ப்பலை பிடிக்கிற லைகோவில் 2019-லிருந்து இரைச்சல் அமுக்கிய ஒளியைத்தான் விடுகிறார்கள். அது சிப் இல்லை, தனிப் படிகம், ஆனால் இதே நான்லீனியர் ஆப்டிக்ஸ் (பொருளுக்குள் ஒளி புது அதிர்வெண் ஒளியை உண்டாக்குவது). அதில் பாதி ஒளி வழியில் தொலைந்தால், எவ்வளவு நன்றாக அமுக்கி அனுப்பினாலும் இரைச்சல் 3 டிபிக்கு மேல், அதாவது பாதிக்கு மேல், குறையாது. காம்பில் பாதி தொலைந்தால் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைப் போட்டுவிட்டுப் போவீர்கள், இங்கே போட முடியாது.

பாளை_இசக்கி:
சிலிக்கானிலேயே செய்தால் ஆகாதா? நான்லீனியர் எண் அதில் ரொம்ப அதிகமாமே?

பேட்டை_அண்ணாச்சி:
அதிகம்தான், நைட்ரைடைவிட பத்து மடங்குக்கு மேல். ஆனால் 1550 நானோமீட்டர் ஃபோட்டானுக்கு 0.8 எலக்ட்ரான்வோல்ட், சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரானைக் கிளப்பத் தேவையான ஆற்றல்) 1.12, ரெண்டு ஃபோட்டானைச் சேர்த்து விழுங்கிவிடும். நைட்ரைடுக்கு இடைவெளி 5-க்குப் பக்கம், அந்தத் தொல்லை இல்லை. இதில் எனக்கும் அந்தப் பிள்ளைக்கும் சண்டை இல்லை.

மேலப்பாளையம்_ரஹீம்:
அப்பாடா, ஒரு விஷயத்திலாவது.

பாளை_இசக்கி:
சரி, ஜோடியே எடுக்கிறேன். ஃபைபருக்கும் சிப்புக்கும் நடுவில் எவ்வளவு இழப்பு போட?

பேட்டை_அண்ணாச்சி:
முனைக்கு 3 டிபி வை, ரெண்டு முனைக்கு 6. கண்டிப்பாக ஜோடி நிறைய வராது, அப்போது காம்புக்கு வந்துவிடுவாய்.

தென்காசிச்_சாரல்:
தம்பி, ரெண்டு முனையையும் ஒன்றாகக் கூட்டாதே. நுழைகிற முனையில் தொலைவது பம்ப், லேசரைக் கூட்டி ஈடுகட்டிக்கொள்ளலாம். வெளியேறுகிற முனையில் தொலைவது ஜோடி. அங்கே 3 டிபி என்றால் ஒவ்வொரு ஃபோட்டானும் பிழைக்க பாதி வாய்ப்பு, ரெண்டும் சேர்ந்து வர கால்வாசி, ரெண்டு ஜோடி வேண்டிய சோதனை என்றால் பதினாறில் ஒன்று. சிமுலேஷனில் அந்த முனையின் இழப்பைத் தனியாக வைத்து, 1 டிபி, 2 டிபி, 3 டிபி என்று மாற்றி ஓட்டு.