இ.எஸ்.டி. செய்த பிறகும் ‘முழுதாக வரவில்லை’ என்று ரிப்போர்ட்: ஆபரேஷன் செய்தே ஆக வேண்டுமா?

பொருநைக்கரை:
அப்பாவுக்கு 71 வயது. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் ஆரம்ப நிலைப் புற்றுநோய் என்று கண்டுபிடித்து, வயிற்றைத் திறக்காமல் எண்டோஸ்கோப்பி வழியாகவே அந்த இடத்தைச் சீவி எடுத்தார்கள், இதைத்தான் இ.எஸ்.டி. என்கிறார்கள். எடுத்த துண்டை ஒரு பலகையில் விரித்துச் சுற்றிலும் குண்டூசி குத்தி வைத்திருந்த போட்டோவை டாக்டர் காட்டினார், உள்ளங்கையில் பாதிகூட இருக்காது. இதோடு போச்சு என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்தோம். இரண்டு வாரம் கழித்து ரிப்போர்ட்டில் விளிம்பில் புற்றுச் செல்கள் இருக்கின்றன என்று வந்திருக்கிறது. இப்போது இரைப்பையில் பாதிக்கு மேல் எடுக்கணும் என்கிறார்கள். அப்பாவோ “எனக்கு ஒண்ணும் பண்ணல, பசிக்குது, சாப்பிடுறேன், எதுக்கு மறுபடி அறுக்கணும்” என்கிறார். சி.டி. ஸ்கேனும் சுத்தமாக இருக்கிறது. திரும்ப எண்டோஸ்கோப்பியிலேயே எடுக்க முடியாதா? கீமோ கொடுத்துப் பார்க்கலாமா?

மருந்துவாழ்மலை:
தம்பி, நான் குடல்நோய்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். விளிம்பு என்று மட்டும் சொன்னால் போதாது, பக்க விளிம்பா அடி விளிம்பா என்று பாருங்கள், மொத்த விஷயமும் அதில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் சரியாக இருந்து பக்க விளிம்பில் மட்டும் செல்கள் நின்றுபோயிருந்தால், சீவி எடுத்ததே போதுமா என்று தரம் பிரிக்கிற ஜப்பானிய வழிகாட்டுதலில் அதை இ-க்யூரா சி-1 என்பார்கள். நிணநீர் முடிச்சுக்குப் பரவியிருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு, அதனால் மறுபடி இ.எஸ்.டி. செய்வது, நெருக்கமாகக் கண்காணிப்பது, ஆபரேஷன் என மூன்றுக்கும் இடம் உண்டு. ஆனால் பழைய இடம் தழும்பாகி இறுகியிருக்கும், இரண்டாம் முறை சீவுவதற்குக் கை தேர்ந்தவர் வேண்டும். அடி விளிம்பு, ஆழம், ரத்தக்குழாய், நிணநீர்க் குழாய் இவற்றில் ஏதாவது தப்பாக இருந்தால் அது சி-2. அங்கே கவலை இரைப்பைச் சுவரோடு நிற்பதில்லை, வெளியே இருக்கிற முடிச்சுகளுக்கும் போகிறது, எண்டோஸ்கோப்பி அங்கே எட்டாது. ஒரு முடிச்சில் நாலு செல் ஒளிந்திருந்தால் சி.டி.யிலும் தெரியாது. அதனால்தான் ஸ்கேன் சுத்தம் என்றாலும் ஆபரேஷன் என்கிறார்கள். இந்த நிலையில் ஆபரேஷனுக்குப் பதில் கீமோ என்பது கிடையாது.

செம்மண்:
என் அம்மாவுக்கு சி-2 வந்தது, 64 வயது. லேப்ராஸ்கோப்பியில் செய்தார்கள். எடுத்த முடிச்சுகளில் ஒன்றில்கூட நோய் இல்லை. அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுதேன், சந்தோஷத்திலா, வீணாக அறுத்துவிட்டோமே என்றா, எனக்கே தெரியவில்லை. பெரும்பாலானவர்களுக்கு இப்படித்தான் வருமாம், ஆனால் யாருக்கு இருக்கும் யாருக்கு இருக்காது என்று முன்னாலேயே சொல்ல வழியில்லை. சாப்பாடு மாறிப்போச்சு, அதை மறைக்க மாட்டேன். ஒரு இட்லி, இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று. இனிப்பாக எதையாவது வேகமாகச் சாப்பிட்டால் வியர்த்துப் படபடப்பு வந்துவிடும். முதல் ஆறு மாதம் கஷ்டம், அப்புறம் பழகிவிட்டார்கள்.

அரசமரத்தடி:
எங்கள் தாத்தாவுக்கு 86, இதயமும் பலவீனம். ஆபரேஷன் ஆபத்துதான் அதிகம் என்று டாக்டரே சொன்னதால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை எண்டோஸ்கோப்பியும் சி.டி.யும் எடுத்து வருகிறோம். இது எல்லோருக்கும் சரிவராது. கண்காணிப்பில் இருக்கும்போது வெளியே பரவிய நோய் தலைதூக்கினால், பெரும்பாலும் குணப்படுத்துகிற கட்டம் தாண்டியிருக்கும், அது தெரிந்தேதான் முடிவெடுத்தோம்.

பொருநைக்கரை:
ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். அளவு 22 மி.மீ., ஆழம் சளிப்படலத்துக்குக் கீழே 700 மைக்ரான் (0.7 மி.மீ.), அடி விளிம்பு பாசிட்டிவ், பக்க விளிம்பு சுத்தம், ரத்தக்குழாய், நிணநீர்க் குழாய் இரண்டிலும் இல்லை.

மருந்துவாழ்மலை:
அப்படியென்றால் சி-2. 500 மைக்ரான் தாண்டினாலே கணக்கு மாறும். முடிச்சுக்குப் பரவியிருக்கும் வாய்ப்பைக் கணிக்க 2017-இல் ஜப்பானில் ஒரு மதிப்பெண் முறை கொண்டுவந்தார்கள்: நிணநீர்க் குழாயில் இருந்தால் 3, மற்றபடி 30 மி.மீ.க்கு மேல் அளவு, அடி விளிம்பு, ரத்தக்குழாய், 500 மைக்ரான் ஆழம் இவற்றுக்குத் தலா 1. அப்பாவுக்கு 2 வருகிறது. 2 முதல் 4 வரை வந்தவர்களில் 6.7 சதவீதம் பேருக்கு முடிச்சில் நோய் இருந்தது. 0, 1 என்றால் 2.5 சதவீதம், 5 அல்லது அதற்கு மேல் என்றால் 22.7 சதவீதம். அப்பாவுக்கு அடி விளிம்பே பாசிட்டிவ், அதனால் இரைப்பைச் சுவரிலேயே மிச்சம் இருக்கலாம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 71 வயதில் இதயமும் நுரையீரலும் தாங்கும் என்றால் நான் ஆபரேஷன் பக்கம்தான் நிற்பேன், என் அப்பாவாக இருந்தாலும் இதையே சொல்வேன்.

அதற்கு முன்னால் ஸ்லைடையும், எடுத்த துண்டைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் வாங்கி இன்னொரு நோயியல் நிபுணரிடம் காட்டுங்கள், நிணநீர்க் குழாயைத் தனியாகக் காட்டும் சாயம் போட்டுப் பார்த்தார்களா என்று கேளுங்கள். அந்த ஒன்று மாறினால் 2 என்பது 5 ஆகிவிடும். இரைப்பையில் தங்கிப் புற்றுக்குக் காரணமாகும் ஹெச்.பைலோரி கிருமி இருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் மருந்து கொடுத்து ஒழித்தே ஆகணும். 2018-இல் வந்த கொரிய ஆய்வில், எண்டோஸ்கோப்பியில் எடுத்தவர்களில் கிருமிக்கு மருந்து எடுத்த குழுவில் 7.2 சதவீதம் பேருக்கும், எடுக்காத குழுவில் 13.4 சதவீதம் பேருக்கும் இரைப்பையில் வேறு இடத்தில் புதிதாகப் புற்று வந்தது.

பொருநைக்கரை:
பிளாக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன், வியாழக்கிழமை தருகிறார்கள். செம்மண் அக்கா எழுதியதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை, அப்புறம் “அந்தம்மா இப்ப என்னென்ன சாப்பிடுறாங்கனு கேளு” என்றார்.

செம்மண்:
தயிர்சாதம், குழைய வைத்த பருப்பு, மீன் எல்லாம் சாப்பிடுகிறார்கள் என்று சொல்லுங்கள். அப்பாவோடு பேசணும் என்றால் அம்மா தயார், தனிச் செய்தியில் நம்பர் அனுப்புகிறேன்.