ட்ரையம்ப் ஸ்டாக்: சொந்த வி8-ஐக் காப்பாத்தலாமா, ரோவர் என்ஜினுக்கு மாறிடலாமா?

மழைநாள்_ஓட்டி
லெஸ்டரில் இருக்கேன். ரொம்ப நாள் ஆசை, ஒரு ட்ரையம்ப் ஸ்டாக் (எழுபதுகள்ல வந்த பிரிட்டிஷ் கார்) வாங்கணும்னு. இப்ப ரெண்டு வண்டி கண்ணுல பட்டிருக்கு. ஒண்ணு 1973, கம்பெனி போட்ட 3 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர் என்ஜின்) அப்படியே இருக்கு. விக்கிறவர், "டிராஃபிக்ல நின்னா கொஞ்சம் சூடாகும், அவ்வளவுதான்" என்கிறார். இன்னொண்ணு 1976. அதுல எண்பதுகளிலேயே ரோவரோட மூன்றரை லிட்டர் வி8 மாத்தியிருக்காங்க. விலை 3,000 பவுண்டு குறைவு. எதை எடுக்கலாம்?

கிரீஸ்கை
"கொஞ்சம் சூடாகும்"னு சொல்றது "மாப்பிள்ளை எப்பவாவது குடிப்பார்"னு சொல்ற மாதிரி. ரோவர் வண்டியை எடுங்க.

அந்த ஒரிஜினல் என்ஜின்ல கோளாறு ஒண்ணு ரெண்டு இல்ல. வாட்டர் பம்ப் ரெண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவுல உச்சியில உட்கார்ந்திருக்கு. டிராஃபிக்ல சூடாகிக் கொஞ்சம் தண்ணி வெளியே போச்சுன்னா, ஆறினதும் மட்டம் பம்புக்குக் கீழ இறங்கிடும். பம்ப் காத்தைத்தான் சுத்தும். அதை ஓட்டுற பல்சக்கரத்துக்கும் அந்தக் காலத்துல சரியா பதம் ஏத்தல, சீக்கிரம் தேஞ்சு போகும். பிளாக் (என்ஜினோட உடம்பு) இரும்பு, ஹெட் (அது மேல உட்கார்ற மூடி) அலுமினியம். ரெண்டும் ஒரே அளவுல விரியாது. ஹெட்டைப் பிடிக்கிற போல்ட், ஸ்டட் வரிசையில பாதி நேரா, பாதி சாய்வா. இதுக்கு மேல டைமிங் செயின் (வால்வை நேரத்துக்குத் திறக்க வைக்கிறது) ஒற்றை வரிசை. 25,000 மைல்ல தளர ஆரம்பிக்கும். அறுந்தா வால்வு பிஸ்டன்ல இடிக்கும், அதோட கதை முடிஞ்சது.

1970-ல வந்த வண்டி, 1977-ல நிறுத்திட்டாங்க. மொத்தம் 26,000 வண்டிகூடத் தேறல. காரணம் இந்த என்ஜின் வாங்கின கெட்ட பேருதான்.

வி8_பைத்தியம்
கிரீஸ்கை சொன்ன கோளாறு எல்லாம் உண்மை, மறுக்கல. ஆனா அது 1972-ல புதுசா வாங்கினவன் பட்ட பாடு. வார்ப்பு மணலைக்கூடச் சுத்தமா எடுக்காம பிளாக்கை அனுப்பின காலம் அது. மணல் போய் ரேடியேட்டரை அடைச்சா எந்த என்ஜின் சூடாகாது? இன்னைக்கு ஓடிக்கிட்டிருக்கிற ஸ்டாக்ல பெரும்பாலானதை யாரோ ஒருத்தர் பிரிச்சுக் கழுவிப் பூட்டியிருப்பார்.

என் வண்டியில செஞ்சது இவ்வளவுதான்: பிளாக்கோட தண்ணிப் பாதையைக் கம்பி விட்டுக் குடைஞ்சு கழுவினேன் (ஒரு டீ கிளாஸ் அளவுக்குச் செம்மண் மாதிரி வந்துச்சு), ரேடியேட்டருக்குப் புது கோர், எலக்ட்ரிக் ஃபேன், பம்புக்கு மேல மட்டம் நிக்கிற மாதிரி உயரத்துல ஒரு தண்ணித் தொட்டி. துருத்தடுப்பு கலந்த கூலன்ட் வருஷம் முழுக்க. கோடையில வெறும் பைப் தண்ணி ஊத்துறவன் அலுமினிய ஹெட்டை அரிக்கக் குடுக்கிறான்னு அர்த்தம். ஆறு கோடை தாண்டியாச்சு, சூடு காட்டுற முள் நடுவைத் தாண்டல.

அப்புறம் அந்தச் சத்தம். ரோவரைப் போட்டா அது ஸ்டாக் சத்தம் இல்ல, பழைய ரேஞ்ச் ரோவர் சத்தம்.

யாழ்_சாரதி
தம்பி, சத்தத்தைக் கேட்டுச் சந்தோசப்படலாம், ஹெட் கழட்டேக்க என்ன சத்தம் வருமெண்டு கேட்டிருக்கிறீங்களோ? நான் ஒரு ஸ்டாக்கில ஹெட் கேஸ்கெட் மாத்த வெளிக்கிட்டு, ஒரு பக்க ஹெட்டை எடுக்க மட்டும் பதினொரு நாள் போச்சுது. அந்தச் சாய்ஞ்ச ஸ்டட்டுகள் அலுமினியத்தோட துருவில ஒட்டிப் போய் இருந்திச்சு. டீசல் விட்டு ஊற வச்சன், சூடாக்கினன், ரெண்டு நட்டை ஒண்டுக்கு மேல ஒண்டு இறுக்கித் திருப்பிப் பாத்தன். நாலு வந்திது, அஞ்சாவது முறிஞ்சுது. கடைசியில ஹெட்டையே பழுதாக்கித்தான் எடுத்தன். அதுக்குப் பிறகு ரோவர்தான். மனிசியும் இப்ப கராஜுக்குள்ள வந்து கதைக்கிறா.

வி8_பைத்தியம்
அண்ணே, அது முன்ன வச்சிருந்தவர் நாற்பது வருஷம் கவனிக்காம விட்டதோட விளைவு. பூட்டும்போதே ஸ்டட்டுல அரிப்புத் தடுக்கிற பசை தடவியிருந்தா கையாலேயே வந்திருக்கும்.

கிரீஸ்கை
எல்லாத்துக்கும் "முன்ன இருந்தவர் கவனிக்கல"தானா? கவனிக்காத ஆள் கையில இருந்தாலும் தாக்குப்பிடிக்கணும், அதுதான் நல்ல வடிவமைப்பு. சாப் கம்பெனி இதே குடும்பத்து நாலு சிலிண்டர் என்ஜினை ட்ரையம்ப் கிட்ட வாங்கித்தான் தங்களோட '99' கார்ல போட்டாங்க. 1972-லேயே அதைத் திருத்தி, தங்களோட 2 லிட்டரா தாங்களே செய்ய ஆரம்பிச்சுட்டாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சது இவங்களுக்குத் தெரியலையா?

இன்னொண்ணு. ஸ்டாக்குக்கு ரோவர் வி8 பொருந்தாதுன்னு அப்ப சொன்னவங்க ஒரே குடையின் கீழ இருந்த கம்பெனிக்காரங்கதான். 1973-ல எம்ஜிபி காருக்குள்ள அதே ரோவர் என்ஜினை வச்சாங்க. பின்னாடி டிஆர்7 காருக்குள்ள வச்சு டிஆர்8-னு வித்தாங்க. ஸ்டாக்குக்கு மட்டும் இடமில்லையாம்.

வி8_பைத்தியம்
அதுல உங்களுக்கு ஒரு புள்ளி. ட்ரையம்ப் ஆட்களுக்குத் தங்கள் என்ஜின்தான் இருக்கணும்ங்கிற வீம்பு இருந்திருக்கும்னு நானும் நினைக்கிறேன்.

ஆனா ரோவர் வி8 ஒண்ணும் கோயில் காளை இல்ல. எண்ணெயை நேரத்துக்கு மாத்தலைன்னா கேம்ஷாஃப்ட் தேயும், உள்ளே களிம்பு கட்டும். அதோட அது முழு அலுமினியம், எடை குறைவு. பழைய முன் ஸ்பிரிங்கையே விட்டு வச்சிருந்தா வண்டி மூக்கைத் தூக்கிக்கிட்டு நிக்கும். ஸ்டாக்கை வடிவமைச்ச மிக்கெலொட்டி வரைஞ்ச கோடு கெட்டுப்போகும், அது எனக்குத் தாங்காது. எண்பதுகள்ல ரோவர் மாத்தினவங்கள்ல பாதிப்பேர் பிராக்கெட்டை வீட்டுலயே வெல்டு வச்சவங்க. வாங்கப் போறது ரோவர் என்ஜினை இல்ல, யாரோ ஒருத்தரோட வெல்டிங்கை.

யாழ்_சாரதி
அது சரிதான். நான் வாங்கின ஒரு வண்டியில என்ஜின் மவுண்டுக்குக் கட்டில் இரும்பு வச்சிருந்தவை.

மழைநாள்_ஓட்டி
என்ஜினைத் தவிர வேற எதைப் பார்க்கணும்? 1973-ஐ ஓட்டிப் பார்த்தப்ப வளைவுல ஆக்ஸிலரேட்டரை மிதிச்சு விட்டதும் பின்பக்கம் இடுப்பை ஆட்டின மாதிரி ஒரு குலுக்கு. பயந்துட்டேன்.

கிரீஸ்கை
அது ஸ்டாக்குக்கே உள்ள ஆட்டம். பின் சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட் நீண்டு சுருங்குறதுக்குப் பல்வரிசை ஒண்ணு இருக்கு. விசை ஏறும்போது அது இறுகிப் பிடிச்சுக்கும், காலை எடுத்ததும் சட்டுனு விடும். அதுதான் அந்தக் குலுக்கு. சுத்தம் பண்ணி கிரீஸ் வச்சா குறையும். பணம் இருந்தா சிவி ஜாயின்ட் (வளைஞ்சாலும் சீரா சுத்துற மூட்டு) வச்ச ஷாஃப்ட் வாங்கிப் போடுங்க, தொல்லை விட்டுது. இந்த ஒண்ணுல வி8_பைத்தியத்துக்கும் எனக்கும் சண்டை வராதுன்னு நினைக்கிறேன்.

வி8_பைத்தியம்
வராது. நானும் அதைத்தான் போட்டிருக்கேன்.

1973-க்கு ஒரு சோதனை சொல்றேன். என்ஜின் முழுசா ஆறியிருக்கும்போது போங்க. தண்ணி மூடியைத் திறந்து விரலை விடுங்க. தெளிவா, நிறத்தோட இருந்தா பேச்சைத் தொடரலாம். செம்மண் கலர்னா உள்ளே அரிப்பு. ஸ்டார்ட் பண்ணி அரை மணி நேரம் ஓட விடுங்க. ஹீட்டர்ல சூடான காத்து வராம, முள் மட்டும் ஏறினா உள்ளே காத்து அடைச்சிருக்கு, இல்லன்னா தண்ணி குறைஞ்சிருக்கு. முள்ளை மட்டும் நம்பாதீங்க. ஒரு தடவை எனக்குத் தண்ணி மொத்தமும் போயிருந்தது, சென்சாரைத் தொடத் தண்ணியே இல்ல, முள் சாதுவா உட்கார்ந்திருந்தது. செயின் மாத்தின ரசீதும் கேளுங்க.

மழைநாள்_ஓட்டி
ரெண்டையும் பார்த்துட்டு வந்தேன்.

ரோவர் வண்டி நிஜமாவே மூக்கைத் தூக்கிக்கிட்டுத்தான் நிக்குது. வெல்டிங் பரவாயில்ல. ஆனா பதிவுப் புத்தகத்துல இன்னும் 2,997 சிசின்னே இருக்கு. என்ஜின் மாத்தினதை நாற்பது வருஷமா யாரும் சொல்லவே இல்ல. கேட்டா, "நீங்க வாங்கினப்புறம் எழுதிப் போட்டுக்கலாமே" என்கிறார்.

1973-ல செயினுக்கு ரசீது இருக்கு, மூணு வருஷம் முன்னாடி மாத்தினது. தண்ணி பச்சை நிறத்துல தெளிவா இருந்துச்சு. சந்தோஷமாயிட்டேன். அப்புறம்தான் யோசிச்சேன், தண்ணி அவ்வளவு புதுசா ஏன் இருக்கு?

கிரீஸ்கை
முந்தின நாள் மாத்தியிருப்பார்.

வி8_பைத்தியம்
போனப்ப என்ஜின் ஆறியிருந்ததா?

மழைநாள்_ஓட்டி
இல்ல. "உங்களுக்காக முன்னாடியே சூடு பண்ணி வச்சேன்"னு சொன்னார். மூடியைத் துணி வச்சு அவரேதான் திறந்து காட்டினார். சனிக்கிழமை சொல்லாம மறுபடி போறேன். பேச்சு குடுக்கிறதுக்கு முன்னாடி பானட்டைத் தொட்டுப் பார்த்துடணும்.