முதல் ஆயிலை எப்போது மாற்றுவது?

சூரமங்கலத்தான்: "புதிய காரின் முதல் ஆயிலைப் பத்தாயிரம் கிலோமீட்டர் வரை தொடவே வேண்டாம்" என்று அஸ்தம்பட்டி நண்பர் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. புதிய சிலிண்டரின் சுவரில் குறுக்கும் மறுக்குமாக ஹோனிங் கோடுகள், அதாவது உரசுகல்லால் இழைத்த நுண்ணிய கீறல்கள், இருக்கும். அவற்றின் முகடுகளைத் தேய்த்துத்தான் பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்களான பிஸ்டன் ரிங்குகள் சுவரோடு பொருந்துகின்றன. தேய்ந்த உலோகம் எங்கே போகும்? ஆயிலில்தான். 1000 கிலோமீட்டரில் வடித்த ஆயிலை வெயிலில் பிடித்துப் பாருங்கள், மினுமினுக்கும்.

அஸ்தம்பட்டி: ஃபில்டர் எதற்கு இருக்கிறது? இப்போதெல்லாம் அந்த முகடுகளைத் தொழிற்சாலையிலேயே சமப்படுத்திவிடுகிறார்கள். உங்கள் கணக்கு கார்புரேட்டர் காலத்தோடு போயிற்று. கையேட்டை எழுதிய பொறியாளர்களைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமோ?

சூரமங்கலத்தான்: மிக நுண்ணிய துகளை ஃபில்டர் முழுதாகப் பிடிக்காது. அது பேரிங்குகளுக்கு இடையே ஓடிக்கொண்டேதான் இருக்கும். மினுமினுப்புக்குப் பதில் சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி: கண்ணுக்குத் தெரிகிற துகள் என்றால் ஃபில்டர் பிடித்திருக்கும். பிடிக்க முடியாத அளவு நுண்ணியது என்றால் கண்ணுக்குத் தெரியாது. இரண்டில் எது?

சூரமங்கலத்தான்: தனித்தனியாகத் தெரியாது, திரளாகச் சேர்ந்தால் மினுங்கும். கதவுக்குப் பூசும் அலுமினியப் பெயின்டை நீங்கள் பார்த்ததே இல்லையா?

ஒண்டிக்கடை: இருவரும் ஆயிலைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். புதிய காரில் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு, ஏற்காட்டு மலைச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் உயர் கியரிலேயே திணறத் திணற ஏற்றுகிறார்களே, அதை யார் கேட்பது? முதல் 1000 கிலோமீட்டருக்கு மலைப்பக்கமே வரக் கூடாது.

சூரமங்கலத்தான்: தவறு. கியரை இறக்கி ஏறினால் மலை நல்லதே. எரியும் வாயுவின் அழுத்தம் ரிங்குக்குப் பின்னால் புகுந்து அதைச் சுவரோடு அழுத்துகிறது. கோவை நாற்கரச் சாலையில் ஒரே வேகத்தில் மணிக்கணக்காகப் போவதுதான் கெடுதல். வேகமும் சுமையும் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். குப்பனூர் மாற்றுப் பாதை வழியாக ஏறுங்கள், அடிவாரத்து நெரிசலில் முட்டி மோத வேண்டாம்.

ஒண்டிக்கடை: ஏற்காட்டிலேயே குடியிருக்கும் எனக்கு வழி சொல்கிறீர்களா?

கொண்டலாம்பட்டி: முதல் சர்வீஸ் பெரும்பாலும் பரிசோதனைதான். கூலி இலவசம் என்பார்கள், ஆயிலை மாற்றினால் பில் நம் தலையில். அதற்குத்தான் இந்த மினுமினுப்புக் கதையெல்லாம். போன முறை டயர் காற்று விஷயத்திலும் சூரமங்கலத்தார் இப்படித்தான் எல்லோரையும் மிரட்டினார்.

சூரமங்கலத்தான்: ஆயிலின் விலை எங்கே, என்ஜினின் விலை எங்கே? கையேடு சொல்லும் தரத்திலேயே ஊற்றிப் பில்லைப் பத்திரமாக வையுங்கள். அப்புறம், டயர் பேச்சை எடுத்தது நீங்கள்தான். ஓடி வந்த டயரில் சூட்டினால் அழுத்தம் ஏறியிருக்கும், குளிர்ந்த பிறகே அளக்க வேண்டும் என்றேன். அதில் என்ன தவறு?

கொண்டலாம்பட்டி: பெட்ரோல் நிலையம் வரை காரைத் தோளில் தூக்கிக்கொண்டா போவது?

சூரமங்கலத்தான்: வீட்டிலேயே ஒரு காற்றுமானி வாங்கி வையுங்கள். அன்றைக்கும் இதையேதான் சொன்னேன், நீங்கள் படிக்கவில்லை.